கன்னம் வைக்கும் இடம்

நாங்கள் பள்ளிக்குச் சென்ற காலத்தில், சீருடைக்கு அளவெடுக்கும் தையற்காரரிடம் எல்லாப் பெற்றோரும் சொல்லி வைத்தாற்போல் ஒரே வாசகத்தைத்தான் சொல்வார்கள். "வளர்ற புள்ள, கொஞ்சம் தாராளமா வையுங்க." ஜூன் மாதத்தில் தோளிலிருந்து வழிந்துகொண்டிருந்த சட்டை அடுத்த பிப்ரவரியில் உடம்புக்குச் சரியாக இருக்கும். மார்ச்சில் அக்குளில் கிழியும். ஒரு சட்டை எங்களுக்கு உண்மையிலேயே பொருந்தியிருந்த நாட்களை எண்ணிப் பார்த்தால் இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். ஆனாலும் சட்டை பெரிதென்று யாரும் சொன்னதில்லை. பிள்ளை ஒல்லி என்றுதான் சொன்னார்கள்.

பொருளுக்கும் உடம்புக்கும் பொருத்தம் இல்லையென்றால் குறை உடம்பில்தான் என்ற எண்ணம் அப்படித்தான் எங்களுக்குள் ஊறியிருக்க வேண்டும். அதை நாங்கள் கண்டுகொண்ட இடம் சற்று விசித்திரமானது. பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியின் பின்பாகத்தில், கன்னத்தை வைத்துக்கொள்ளும் ஒரு சிறு கட்டையில் அதைக் கண்டோம். இக்கட்டுரையைக் கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். தவறும் சேர்ந்தே செய்ததுதான்.

எங்கள் மகள் பதின்மூன்றாவது வயதில் துப்பாக்கி சுடப் போகிறேன் என்றாள். எங்கள் இரு குடும்பங்களிலும் தீபாவளிக்குப் பொட்டு வெடித்த கைத்துப்பாக்கிக்கு மேல் யாரும் எதையும் தொட்டதில்லை. 2008 ஆகஸ்டில் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டை 10.8 புள்ளிக்குச் சுட்டுத் தங்கம் வென்ற காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டியதோடு எங்கள் உறவு முடிந்திருந்தது. லண்டனில் வெண்கலம் வென்ற ககன் நரங் சென்னையில் பிறந்தவர் என்பதும், டோக்கியோவிலும் பாரீசிலும் இந்தியாவுக்காகச் சுட்ட இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர் என்பதும் மகள் சொல்லித்தான் தெரியும். பள்ளிக்கு வந்த ஒரு பயிற்சி முகாமில் ஐந்து குண்டுகள் சுட்டிருக்கிறாள். அந்த ஐந்தும் அவளை எங்கோ தொட்டுவிட்டன. சரி, போய்ப் பார்க்கட்டும் என்று எங்கள் நகரத்துக் கூடத்தில் சேர்த்துவிட்டோம்.

பார்ப்பவர்களுக்கு இது விளையாட்டாகவே தோன்றாது. ஓட்டமில்லை, தாவலில்லை. தடித்த கித்தான் துணியாலும் தோலாலும் ஆன விறைப்பான அங்கியை மாட்டிக்கொண்டு, தட்டையான அடிப்பாகம் கொண்ட காலணியோடு, பிள்ளைகள் சிலைபோல் நிற்பார்கள். பத்து மீட்டர் தொலைவில் எண்பது மில்லிமீட்டர் சதுர அட்டை. அதன் நடுவில் பத்துப் புள்ளிக்குரிய பொட்டின் விட்டம் அரை மில்லிமீட்டர். பேனா முனையால் வைத்த புள்ளி அளவுதான். குண்டின் விட்டமோ நாலரை மில்லிமீட்டர். ஒரு போட்டிக்கு அறுபது குண்டுகள். 2018 வரை பெண்களுக்கு நாற்பதாக இருந்தது, அதன்பின் இருபாலருக்கும் அறுபதாகிவிட்டது. அறுபது முறையும் துப்பாக்கியைத் தூக்கி, நின்று, மூச்சடக்கி, சுட்டு, இறக்க வேண்டும். விதிப்படி துப்பாக்கியின் எடை ஐந்தரை கிலோவைத் தாண்டக்கூடாது. கூடத்தில் புதியவர்களுக்குக் கொடுப்பது ஏறக்குறைய நாலரை கிலோ. மகளின் எடை அப்போது முப்பத்தெட்டு கிலோ. தன் எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கைத் தோளிலும் இடுப்பிலும் தாங்கி அவள் நின்றாள்.

மூன்றாவது மாதம் முதுகு வலிக்கிறது என்றாள்.

நாங்கள் என்ன சொன்னோம் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறோம். "ஒரு மணி நேரம் நின்னதுக்கே வலியா? உன் ஆச்சி இந்த வயசுல ரெண்டு குடம் தண்ணிய இடுப்புல தூக்கிட்டு வந்தவ." அடுத்த வாரம் மறுபடி சொன்னாள். காலையில் எழச் சோம்பல், அதற்கு முதுகு ஒரு சாக்கு என்று முடிவுகட்டினோம். மூன்றாம் முறை சொன்னபோது மருத்துவரிடம் அழைத்துப் போனோம். படம் எடுத்தார்கள். எலும்பில் கோளாறு இல்லை, தசைப்பிடிப்புதான், சில பயிற்சிகள் செய்தால் போதும் என்றார் மருத்துவர். எலும்பில் கோளாறு இல்லை என்பதை வலியே இல்லை என்று நாங்கள் மொழிபெயர்த்துக்கொண்டோம். அதன்பின் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று மகிழ்ந்தோம்.

*

நான்கு மாதங்கள் கழித்துக் கூடத்துக்குப் புதிய பயிற்சியாளர் வந்தார். படையிலிருந்து ஓய்வுபெற்றவர், குறைவாகப் பேசுகிறவர். முதல் நாள் அவர் யாரையும் சுடச் சொல்லவில்லை. ஒவ்வொரு பிள்ளையாக அழைத்து, துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்த்து நிற்கச் சொன்னார். பிறகு, "கண்ணை மூடு" என்றார். இரண்டு மூச்சு விட்டபின், "இப்ப திற" என்றார். திறந்ததும், "எங்க இருக்கு?" என்று கேட்டார்.

இது அந்தக் கலையின் பழைய சோதனை என்று பிறகு தெரிந்துகொண்டோம். கண் திறந்திருக்கையில் தசைகள் இழுத்துப் பிடித்துத் துப்பாக்கியைக் குறியில் நிறுத்திவிடும். கண்ணை மூடினால் அந்த இழுப்பு தளரும். உடம்பு எங்கே இயல்பாக நிற்க விரும்புகிறதோ அங்கே துப்பாக்கி போய்ச் சேரும். நல்ல நிலையில் நிற்பவருக்குக் கண் திறக்கும்போதும் குறி அப்படியே இருக்கும். சற்று விலகியிருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யக்கூடாது. பாதங்களை நகர்த்த வேண்டும்.

எங்கள் மகள் கண் திறந்தபோது துப்பாக்கி பக்கத்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலையோ துப்பாக்கியை விட்டு எழுந்து வேறெங்கோ இருந்தது. பயிற்சியாளர் அவளைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கழுத்தின் பின்புறத்தை இரு விரலால் தொட்டுப் பார்த்தார். எங்களைத் திரும்பிப் பார்த்து, "இந்தப் பொண்ணுக்கு முதுகு வலிக்குமே, சொல்லலையா?" என்றார்.

நாங்கள் அவளைப் பார்த்தோம். அவள் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

துப்பாக்கியில் குழலும் விசையும் நீங்கலாக உடம்பைத் தொடுகிற பாகம் முழுவதற்கும் கூடத்தில் ஸ்டாக் என்று பெயர். தோளில் பதிவது பட் பிளேட், கன்னம் பதிவது சீக் பீஸ், வலக்கை பிடிப்பது கிரிப். இடக்கையின் மேல் உட்கார்வது முன்கட்டை. தமிழில் கன்னம் வைப்பது திருடனின் தொழில். மகளின் துப்பாக்கியில் அவள் கன்னம் வைத்த நேரமெல்லாம் அது அவளிடமிருந்து எதையோ திருடிக்கொண்டிருந்தது என்றே இப்போது தோன்றுகிறது.

பயிற்சியாளர் எங்களுக்கு விளக்கியதை எங்கள் சொற்களில் தருகிறோம். நின்று சுடுகையில் இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் ஊன்றும். முன்கை ஏறக்குறைய நேராக மேலெழும். அதன் உச்சியில் துப்பாக்கி அமரும். எடையை எலும்பு தாங்க வேண்டும், தசை அல்ல. முன்கை குட்டையாகவோ கழுத்து நீளமாகவோ இருப்பவருக்கு, முழங்கை இடுப்பில் இருக்கும்போது துப்பாக்கி கண்ணின் உயரத்துக்கு எட்டாது. அப்போது இரண்டு வழிகள் உண்டு. முன்கட்டைக்கு அடியில் ஒரு தாங்குகட்டையைப் பொருத்தித் துப்பாக்கியை மேலே கொண்டுவரலாம். அல்லது முதுகை வளைத்துக் கண்ணைக் கீழே கொண்டுபோகலாம். மகள் இரண்டாவதைச் செய்திருக்கிறாள். முதல் வழி ஒன்று இருப்பதையே யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

விசையிலிருந்து பட் பிளேட் வரையிலான நீளமும் அப்படித்தான். நீளம் கூடினால் தோள் பின்னுக்குத் தள்ளப்படும், முகம் பார்வைத் துளைக்கு எட்டாமல் கழுத்து முன்னே நீளும். குறைந்தால் உடம்பு குறுகி, தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டிவரும். சீக் பீஸ் தாழ்ந்திருந்தால் தலை பக்கவாட்டில் சரியும். தலை சரிந்தால் உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு குழம்பும். ஆள் அசைவதே தெரியாமல் அசைவார். தலையின் எடையைக் கட்டையின் மேல் இறக்கிவைக்க வேண்டும், தலையணையில் வைப்பதுபோல. அப்படி இறக்கிவைத்த இடத்தில் கண் தானாகத் துளைக்கு நேரே இருக்க வேண்டும். கண்ணைத் தேடிக் கட்டை வர வேண்டுமே தவிர, கட்டையைத் தேடிக் கண் போகக்கூடாது.

எங்கள் மகளுக்குக் கொடுத்திருந்த ஸ்டாக், வளர்ந்த ஓர் ஆணின் உடம்பை மனத்தில் வைத்துக் கடைந்தது. நீளம் அதிகம், கன்னம் தாழ்வு, முன்கட்டையும் தாழ்வு. மூன்றையும் அவளுடைய முதுகு ஈடுகட்டியிருக்கிறது.

*

அடுத்த இரண்டு மாதங்களில் மூன்று ஸ்டாக்குகளை அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது.

முதலாவது அவளுடைய பழையது. ஒரே மரத்தில் கடைந்த பீச் மரக் கட்டை. பட் பிளேட்டை மேலும் கீழும் நகர்த்தலாம். நடுவே தகடுகளைச் செருகியோ எடுத்தோ நீளத்தைச் சற்று மாற்றலாம். அந்தத் தகடுகளில் இரண்டு ஏழு மாதங்களாக உள்ளேயே இருந்திருக்கின்றன, யாரும் எடுக்கவில்லை. கன்னப் பகுதி மரத்தோடு மரமாக இருந்தது; அதில் மாற்ற ஒன்றுமில்லை. ஆனால் தொட்டால் இதமானது. வியர்வையைக் கொஞ்சம் குடித்துக்கொள்ளும், கோடையில் சுடாது. பலரின் கன்னம் பட்டுப் பட்டுப் பளபளப்பேறிய அந்த இடம் கோயில் படிக்கட்டைப் போலிருக்கும்.

இரண்டாவது, கல்லூரிக்குப் போன ஒரு மூத்த மாணவியினுடையது. மெல்லிய மரத்தாள்களை ஒட்டி அழுத்திச் செய்தது. ஒட்டு மரம் என்றதும் மலிவு என்று நினைத்துவிடக் கூடாது. ஈரப்பதம் மாறும்போது முழு மரத்தைப்போல எளிதில் முறுக்கிக்கொள்ளாது. இதில் சீக் பீஸ் தனி. இரண்டு தண்டுகளின் மேல் ஏறி இறங்கும். பட் பிளேட்டின் உயரம், நீளம், சாய்வு ஆகியவற்றை மாற்றலாம். கிரிப் மட்டும் அசையாது.

மூன்றாவது அலுமினியம். ஜெர்மனியில் செய்தது. இத்தொழிலின் புகழ்பெற்ற பெயர்களில் வால்தரும் அன்ஷூட்ஸும் உல்ம் நகரத்தைச் சேர்ந்தவை. ஃபைன்வெர்க்பாவ் நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள ஓபர்ன்டார்ஃபைச் சேர்ந்தது. அலுமினிய ஸ்டாக்கில் அசையாத பாகமே இல்லை என்று சொல்லிவிடலாம். கன்னம் மேலே போகும், கீழே வரும், இடம்வலமாக நகரும், சாயும். கிரிப் திரும்பும், முன்னும் பின்னும் ஓடும். முன்கட்டையில் ஏற்றி இறக்கும் தாங்கி உண்டு. ஒவ்வொன்றிலும் அளவுக்கோடுகள். துப்பாக்கி சுடும் கருவியைவிட, எலும்பு மருத்துவமனையில் பார்த்த ஏதோ ஒன்றுக்குத்தான் அது உறவுபோல இருந்தது. முழுத் துப்பாக்கியாக வாங்கினால் இரண்டு லட்சத்துக்கு மேல்.

ஒவ்வொன்றிலும் மகள் அறுபது குண்டுகள் சுட்டாள். முதல் பத்துக் குண்டுகளில் கேட்டபோது பீச் மரமே சுகம் என்றாள். ஒட்டு மரம் பரவாயில்லை. அலுமினியம் கன்னத்தில் அந்நியமாக இருக்கிறது, பிடிக்கவில்லை. நாற்பதாவது குண்டில் வரிசை தலைகீழாயிற்று. பழைய சுகக் கட்டையில் அவள் ஒவ்வொரு குண்டுக்கும் இடையே தோளைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். அலுமினியத்தில் அப்படி எதுவும் செய்யவில்லை. ஒட்டு மரத்தில் கடைசிப் பத்தில்தான் முதுகை நிமிர்த்தினாள். எடுத்தவுடன் சுகமாக இருப்பதும் நெடுநேரம் பொருந்தியிருப்பதும் வெவ்வேறு என்று அன்று விளங்கியது. பிடித்துப்போய்விட்டதால் பொருந்தாததையும் விடமுடியாமல் வைத்திருப்பது துப்பாக்கிக் கட்டையோடு முடிகிற விஷயமில்லை.

*

மனித உடம்புகள் ஒன்றுபோல் இல்லை என்பதைப் படைகளே முதலில் கற்றுக்கொண்டன என்பது ஒரு முரண். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படை ஏந்திய லீ-என்ஃபீல்டு துப்பாக்கிக்குப் பின்கட்டை நான்கு நீளங்களில் வந்தது. இயல்பு அளவு ஒன்று. அதைவிட அரை அங்குலம் நீண்டது ஒன்று. அரை அங்குலம் குறைந்தது ஒன்று. ஓர் அங்குலம் குறைந்தது ஒன்று. கடைசியின் பெயர் பாண்டம், குள்ளக் கோழி இனத்தின் பெயர். வங்காளத்தின் இச்சாப்பூரிலும் அந்தத் துப்பாக்கி உற்பத்தியானது. ஆளைக் கோழி என்றாலும் கட்டையை ஆளுக்குத் தக்கபடி மாற்றினார்கள்.

இன்னொன்று 1950ஆம் ஆண்டின் கதை. அமெரிக்க விமானப் படை தன் விமானிகளின் உடம்பை அளந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர், 4,063 பேரின் அளவுகளில் உயரம், மார்பு, கை நீளம் என்று பத்தை எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரிக்கு அருகில் இருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணினார். ஒருவர்கூட இல்லை. சராசரி மனிதனுக்காகச் செய்த விமானி அறை உண்மையில் யாருக்காகவும் செய்யப்படவில்லை. அதன்பின் இருக்கையும் மிதிகட்டையும் வார்ப்பட்டையும் ஆளுக்கேற்ப நகரத் தொடங்கின. நாலாயிரம் பேரில் ஒருவருக்கும் பொருந்தாத சராசரியைத்தான், நாங்கள் "உன் ஆச்சி" என்ற பெயரில் எங்கள் மகள் முதுகில் ஏற்றிவைத்திருந்தோம்.

*

இத்தோடு கதை முடிந்திருந்தால் நாங்கள் நல்ல பெற்றோராகியிருப்போம். அடுத்த பிழையும் உடனே வந்தது.

அலுமினியத்தை இரவல் கொடுத்தவர் இன்னும் சில வாரம் வைத்துக்கொள்ளச் சொன்னார். கூடவே ஒரு ஆலன் கீயும் வந்தது. திருகுகளில் எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. புள்ளி குறைந்தால் கன்னத்தை இரண்டு மில்லிமீட்டர் ஏற்றுவது. மறுநாளும் குறைந்தால் பட் பிளேட்டைச் சாய்ப்பது. அதற்கு மறுநாள் கன்னத்தைப் பழையபடி இறக்குவது. பழைய இடம் எது என்பது மறந்துபோயிருக்கும். வீட்டுக் கூடத்தில் அவளை நிற்கவைத்து, ஒருவர் திருக, ஒருவர் கைபேசியில் படமெடுத்தோம். முதலில் கட்டையின் குற்றத்தை உடம்பின் மேல் சுமத்தியவர்கள், இப்போது உடம்பின் அன்றைய சோர்வையெல்லாம் கட்டையின் மேல் சுமத்தினோம். இரண்டிலும் அவளைக் கேட்கவில்லை.

பயிற்சியாளர் ஒருநாள் கையை நீட்டி ஆலன் கீயை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஒரு தடவை ஒரு திருகு. அப்புறம் ஒரு வாரம் சுடட்டும். எழுதிவைக்கட்டும். எதைத் திருப்பணும்னு அவளே சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்க."

அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு. நாள், திருகு, எத்தனை கோடு, எந்தக் குண்டில் வலி தொடங்கியது என்று அவள் எழுதினாள். அந்த நோட்டை அவள் அனுமதியோடு நாங்கள் வாசித்தோம். முதல் பக்கத்தில், பழைய கட்டைக்கு நேரே, எட்டாவது குண்டு என்று எழுதியிருந்தது. அறுபதில் எட்டாவது. மீதி ஐம்பத்திரண்டு குண்டுகளையும் வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு மாதங்கள், அவள் அப்படித்தான் சுட்டிருக்கிறாள்.

*

இறுதியில் அலுமினியத்தை வாங்கவில்லை. எங்களுக்கு எட்டாத விலை. மூத்த மாணவியின் ஒட்டு மரத்தையே வாங்கிக்கொண்டோம். முன்கட்டைக்கு அடியில் வைக்கும் தாங்குகட்டை மட்டும் அதற்கு இல்லை. பயிற்சியாளர் விதியை மீறாத அளவைச் சொல்லிவிட்டார். அதைத் தாளில் குறித்துக்கொண்டு எங்கள் தெருமுனை ஆசாரியிடம் போனோம். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

"பொண்ணுக்கு."

"அப்ப பொண்ணக் கூட்டிட்டு வாங்க. தாளுக்கா செய்யப் போறோம்?"

மறுநாள் அழைத்துப் போனோம். ஆசாரி அவளைத் துப்பாக்கி இல்லாமலே நிற்கச் சொல்லி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நூல் பிடித்தார். இடக்கையை முஷ்டியாக மடக்கச் சொல்லி அதன் மேற்பரப்பைத் தடவிப் பார்த்தார். பூவரச மரத்துண்டு ஒன்றை இழைத்து, நடுவில் முஷ்டி உட்காரும்படி லேசாகக் குழித்தார். இரண்டுமுறை அவளிடம் கொடுத்து, "உறுத்துதா தாயி?" என்று கேட்டார். முதல்முறை அவள் பழக்கதோஷத்தில் இல்லை என்று தலையாட்டினாள். ஆசாரி நம்பவில்லை. "எங்கன்னு சொல்லு, இழைக்கத்தானே உளி வச்சிருக்கேன்" என்றார். அவள் சுண்டுவிரல் பக்கம் காட்டினாள். அங்கே இன்னும் ஒரு சீவல் எடுத்தார்.

ஏழு மாதங்களில் நாங்கள் கேட்காத கேள்வியை அவர் ஐந்து நிமிடத்தில் இரண்டுமுறை கேட்டுவிட்டார்.

இப்போது அவள் பதினைந்தை நெருங்குகிறாள். இந்த இரண்டு ஆண்டுகளில் சீக் பீஸ் தண்டில் பென்சிலால் போட்ட கோடுகள் நான்கு ஆகிவிட்டன. வீட்டு நிலைப்படியில் உயரம் குறித்த கோடுகளுக்கும் அவற்றுக்கும் அவ்வளவு வித்தியாசமில்லை. மாநில அளவில் அவள் பெரிதாக ஒன்றும் வாங்கிவிடவில்லை, வாங்காமலும் போகலாம். வலி தொடங்கும் குண்டு எட்டிலிருந்து ஐம்பதைத் தாண்டிப் போயிருக்கிறது. எங்கள் வீட்டில் அதுதான் பதக்கம்.

சென்ற மாதம் பள்ளிக்குப் புதிய காலணி வாங்கினோம். கடைக்காரர் வழக்கம்போல, "வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெருசா எடுத்துக்குங்க" என்றார். நாங்களும் வழக்கம்போலத் தலையாட்டத் தொடங்கினோம். அவள் நான்கடி நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி, "கடிக்குது" என்றாள்.

எங்கே என்று கேட்டோம்.